யாத்திரிகனின் அவா

கிறித்தவச் சீடனுக்கு இலக்கணம் கூறப் புகுவோர், ஆசையை அறுத்தலும் பாவத்தை எதிர்த்தலும் ஒன்றே எனக் கொள்வது பெருவழக்கு. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர் பலரும் அந்நூலைத் துறவு நூல் போலவே மாணவர்க்கு அறிமுகப்படுத்துகின்றனர். இக்கொள்கை நூலின் உயிர்நரம்பையே அறுத்துவிடும் என்பது எம் துணிபு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

நெல்லைச் சீமையில், வைணவ வேளாளர் குடியில் 1827இல் தோன்றியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. கம்பனிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் தோய்ந்த அவர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கில நாட்டுச் சமயப் போதகர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட காப்பியமாக இதனை இயற்றினார். நூல் 1894இல் வெளிவந்தது.

கதையின் தொடக்கத்தையே நோக்குக. முதுகிற் சுமையோடு நிற்கும் ஒருவன், அழியப்போகும் தன் ஊரைவிட்டு ஓடுகிறான். உற்றார் அழைக்கும் ஒலி கேளாதபடி காதுகளைப் பொத்திக்கொண்டு, நிலைவாழ்வு வேண்டுமென்று கூவிக்கொண்டே ஓடுகிறான். ஆசையற்றவன் இவ்வாறு ஓடுவானா? அவனை வீட்டிலிருந்து கிளப்பியது துறவு அன்று, பெருவேட்கை.

இனி, அவன் வழியிற் காணும் இரு சிறுவர் கதை. ஒருவன் எல்லாம் இன்றே வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், மற்றவன் காத்திருக்கிறான். இருவருக்கும் ஆசை உண்டு. பொழுதோடு அழிவதை ஒருவன் விரும்ப, அழியாததை மற்றவன் விரும்புகிறான், வேற்றுமை அவ்வளவே. பின்னர் ஒரு குன்றின் அருகே வெள்ளிச் சுரங்கத்தைக் காட்டி ஒருவன் யாத்திரிகரை அழைக்கிறான். விளிம்பு வரை சென்று பார்த்தவர்தம் காலடியில் மண் சரிந்ததென்று பனியன் எச்சரிக்கிறார். கிந்தா பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின், கோப்பெங் வட்டாரத்தில் எஞ்சி நிற்கும் ஈயக் குட்டைகளே அதற்குப் போதிய உரை. வெள்ளியை விரும்புவது மட்டும் குற்றமாகாது; அதற்காக வழியை விட்டு விலகுவதே குற்றம் என்பது அப்பகுதியின் பொருள்.

விவிலியமும் இதற்குச் சான்று பகரும். ஆசை கருக்கொண்டு பாவத்தைப் பெறுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதுகிறார். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் எப்பிதுமியா. அதே சொல்லையே லூக்கா, இயேசு பாடுபடுமுன் சீடரோடு பஸ்கா விருந்துண்ண மிகவும் விரும்பியதைக் கூறுமிடத்தும் ஆள்கிறார். சொல் ஒன்றே, ஆசை பாவமாவதும் அன்பாவதும் அது நாடும் பொருளைப் பொறுத்தது. பிறவிக்கு வித்து ஆசையே என்று அவா அறுத்தல் அதிகாரத்தில் உரைத்த வள்ளுவரும், அடுத்த குறளிலேயே விரும்புவதானால் பிறவாமையை விரும்புக என்றன்றோ வழிகாட்டுகிறார்!

இங்கேதான் கிருஷ்ண பிள்ளையின் தனித்திறம் வெளிப்படுகிறது. பனியன் கதையில் யாத்திரிகன் சிலுவையின் முன் நிற்பதும் சுமை வீழ்வதும் சில வரிகளில் முடிந்துவிடும். நம் கவிஞரோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பதிகங்களையும் அமைக்கிறார். இவற்றை வெறும் அலங்காரம் என்று தள்ளுதல் தகாது. காணாத ஒன்றை நெஞ்சம் விரும்பாது. ஆகவே கவிஞர் அன்புக்குரியவனைக் கண்முன் நிறுத்துகிறார். இஃது ஆழ்வார்களிடம் அவர் கற்ற பாடம். பாவத்தை விட்டவன் பின்பு இறைவனை நேசிக்கிறான் என்பதைவிட, நேசித்தவனுக்கே பாவம் சுவையற்றுப் போகிறது என்பதே இக்காப்பியத்தின் நெறி.

குறையும் கூறுதல் திறனாய்வின் கடமை. காப்பியக் கம்பீரம் அகப்போரைச் சொல்லுதற்கு எப்போதும் ஏற்றதன்று. மரண நிழற்பள்ளத்தாக்கிலே தீய ஆவி ஒன்று பின்னால் வந்து காதில் முணுமுணுக்க, அத்தெய்வ நிந்தனை தன் உள்ளத்தே பிறந்ததென யாத்திரிகன் கலங்குவதைப் பனியன் எளிய உரைநடையில் காட்டுகிறார். வந்து போகும் நினைப்பு வேறு, மனம் இசைதல் வேறு என்னும் நுட்பம் அங்கே தெளிவாகிறது. வடசொல் மிகுந்த விருத்தங்களில் இத்தகைய தடுமாற்றத்தின் குரல் சற்றே அமுங்குகிறது.

ஆசைக்கு இடமளித்தால் ஒழுக்கம் தளராதோ எனச் சிலர் வினவலாம். மாயச் சந்தையில் எதை வாங்குவீர் என்று கேட்டவர்க்கு, மெய்யையே வாங்குவோம் என்றனர் யாத்திரிகர். அதற்காகவே தோழன் நிதானி உயிர் துறந்தான். விருப்பம் ஏதுமின்றி விலக்கை மட்டும் காப்பவன் சந்தை கூடாத நாளில் நல்லவனாக இருக்கலாம். நெருப்பின் முன் நிற்க அவனால் இயலாது. பேரன்பு கொண்டவனே நிற்பான்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் இந்நூலைக் கற்பிக்குங்கால், யாத்திரிகன் எவற்றை விட்டான் என்று பட்டியல் கேட்பதோடு நிறுத்தாமல், அவன் எதை விரும்பினான் என்றும் கேட்பாராக. இளம் உள்ளங்களில் ஆசையை அணைப்பது கல்வியாகாது. விரும்பத் தக்கதை விரும்பப் பழக்குவதே கல்வி. கிறித்தவர் அல்லாத மாணவரும் இக்காப்பியத்திலிருந்து பெறத்தக்க பெரும்பயன் அதுவேயாம்.