சூப்புக் கொழுக்கட்டை

முதல் கடியிலேயே நாக்கு வெந்துவிட்டது. தப்பு கடைக்காரர் மேல் இல்லை. மோதகம் என்று நினைத்து முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்ட என் மேல்தான்.

இடம், தைபே நகரில் யோங்காங் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. மொத்தமே ஆறு மேஜை. வாசலில் மூங்கில் கூடைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி ஆவி பறக்க வைத்திருக்கிறார்கள். என்னை அழைத்துப் போனவர், ஷின்ச்சூவில் சிப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நாகர்கோவில் இளைஞர். "சார், அவசரப்படாதீங்க, உள்ள சூப் இருக்கு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

சியாவ்லோங்பாவ் என்று பெயர். மெல்லிய மைதாத் தோல், உள்ளே கொத்திய பன்றி இறைச்சி, கூடவே ஒரு வாய் கொதிக்கிற சூப். சூப் எப்படி உள்ளே போனது? ஊசி போட்டு ஏற்றினார்களா? இல்லை. பன்றித் தோலை மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சாறு, ஆறினால் ஜெல்லியாக இறுகிவிடும். ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த ஜெல்லியைப் பொடியாக நறுக்கி, இறைச்சியோடு பிசைந்து, தோலில் வைத்து மடித்துவிடுகிறார்கள். ஆவியில் வேகும்போது ஜெல்லி உருகி மறுபடியும் சூப் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

சாப்பிடுவதற்கு ஓர் இலக்கணம் உண்டு. உச்சிக் குடுமியை சாப்ஸ்டிக்கால் பிடித்து, தோல் கிழியாமல் தூக்கி, பீங்கான் கரண்டியில் வைக்க வேண்டும். பக்கவாட்டில் லேசாகக் கடித்து ஓட்டை போட்டு சூப்பை உறிஞ்ச வேண்டும். பிறகு மெலிதாகச் சீவிய இஞ்சி, கறுப்பு வினிகர், கொஞ்சம் சோயா சாஸோடு மிச்சத்தை உள்ளே தள்ளலாம். காரத்துக்குப் பழகிய நாக்கு முதலில், 'என்னய்யா இது, பத்தியச் சாப்பாடா?' என்று கேட்கும். நாலாவதில் வாயை மூடிக்கொள்ளும்.

விமர்சனம் என்றால் குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? கூடையில் பத்து இருந்தன. இரண்டில் அடித்தோல் கிழிந்து சூப் முழுக்கத் துணிக்குப் போய்விட்டது. குடுமி கொஞ்சம் தடி, மாவு பல்லில் நின்றது. சூப் மட்டும் பிரமாதம். நூற்றுக்கு எழுபது போடலாம்.

இந்தப் பண்டத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது டின் டாய் ஃபங் என்கிற தைபே கடை. தோல் 5 கிராம், பூரணம் 16 கிராம், மடிப்பு 18 என்று அங்கே கணக்கு. 1958ல் எண்ணெய்க் கடையாக ஆரம்பித்தார் யாங் பிங்யி. டப்பாவில் அடைத்த எண்ணெய் வந்து வியாபாரம் படுத்துவிட, 1972ல் கடையில் பாதியை ஒதுக்கிக் கொழுக்கட்டை போட்டார். 1993ல் நியூயார்க் டைம்ஸ் உலகின் சிறந்த பத்து உணவகங்களில் ஒன்றாக எழுதியது. யாங் 2023ல் காலமானார். அவர் பிறந்தது சீனாவின் ஷான்சி மாகாணம். பண்டம் பிறந்தது ஷாங்காய் பக்கத்து நான்ஷியாங். விற்றது தைபேயில். இன்றைக்கு உலகம் அதைத் தைவான் சாப்பாடு என்கிறது. இந்த முடிச்சைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நூடுல்ஸ். மாட்டிறைச்சி சாப்பிடாத வாசகர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். நாகர்கோவில்காரரும் எள்ளு விழுது நூடுல்ஸுக்குத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு வந்தது நியூரோ மியன். முகம் கழுவும் அளவுக்குப் பெரிய கிண்ணம். காரமான அவரை விழுது, சோயா, அன்னாசிப்பூ எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் கொதித்த செந்நிறச் சாறு. அதில் கைத்தடிமனில் கறித்துண்டுகள், வழுவழுவென்று நரம்பு. மேலே புளிக்க வைத்த கடுகுக் கீரை. நூடுல்ஸ் ஒரு நிமிஷம் கூடுதலாக வெந்திருந்தது. ஆனால் அந்தச் சாறு! கிண்ணத்தைக் கையால் தூக்கிக் குடித்தேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு எண்பத்தைந்து.

சுவரில் 'சிச்சுவான் மாட்டிறைச்சி நூடுல்ஸ்' என்று எழுதியிருப்பதாக நண்பர் படித்துச் சொன்னார். அடுப்படியில் நின்ற பெரியவரிடம் அவர் மூலமாகக் கேட்டேன்: "நீங்க சிச்சுவானா?"

பெரியவர் சிரித்தார். "நான் சிச்சுவான் பக்கம் போனதே இல்ல. எங்கப்பா ஷான்டோங்காரர். பட்டாளக் குடியிருப்புல பக்கத்து வீட்டு சிச்சுவான்காரர்கிட்ட கத்துக்கிட்டார்."

1949ல் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் காய்ஷேக்கின் அரசோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தார்கள். சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். சொந்த ஊரைப் போய்ப் பார்க்க 1987 வரை அனுமதி கிடைக்கவில்லை. சிச்சுவான்காரர்கள் தெற்கே காங்ஷான் பக்கத்து விமானப்படைக் குடியிருப்பில் ஊர் ஞாபகத்தில் அவரை விழுது அரைத்தார்கள். அமெரிக்க உதவியாகக் கோதுமை கப்பலில் வந்து இறங்கியது. நம் ரேஷன் கடைகளுக்கும் அமெரிக்கக் கோதுமை வந்த காலம் அது. உழுகிற மாட்டைத் தின்பதா என்று மாட்டிறைச்சியைத் தொடாத விவசாயக் குடும்பங்கள் தைவானில் இன்றும் உண்டு. அந்த மண்ணில், ஊரைத் தொலைத்தவர்கள் கிடைத்ததை வைத்துச் சமைத்ததுதான் இந்தக் கிண்ணம். வேடிக்கை என்னவென்றால், இந்த வடிவில் இது சிச்சுவானிலேயே கிடையாது. 2005ல் தைபே மாநகராட்சி இதற்கென்று விழாவே எடுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் இதில் எது ஒரிஜினல்?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு யோக்கியதை குறைவு. ஏனென்றால் அதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 'ஒரிஜினல் செட்டிநாடு இல்லை' என்று ஒரு ஓட்டலை இதே பக்கத்தில் கிழித்திருக்கிறேன். அதைவிட மோசமாகவும் ஒன்று செய்திருக்கிறேன்.

சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலமானால் அத்தோ போடுவார்கள். 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964ல் கடைகண்ணிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். பல வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் மேதாவியாக, "பர்மாவுல இப்படியா போடுவாங்க?" என்று கேட்டேன். "பர்மா எங்கப்பா பார்த்தது சார். நான் பார்த்தது மெட்ராஸ்தான்" என்றார். ஒரிஜினல் இல்லை என்று மனசுக்குள் மார்க்கைக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தைபே பெரியவர் அதே பதிலைச் சொன்னபோது மட்டும், ஆஹா, வரலாறு என்று புல்லரிக்கிறது! விமானம் ஏறிப் போய்க் கேட்டால்தான் காதில் விழும் போலிருக்கிறது.

ஊரைத் தொலைத்தவன் சமைப்பதில் ஒன்று குறையும், ஒன்று கூடும். குறைந்ததைச் சுட்டிக்காட்ட விமர்சகன் எதற்கு? அது சமைக்கிறவனுக்கே தெரியும். கூடியது ருசியாக இருக்கிறதா என்று சொல்வதுதான் என் வேலை.

இரண்டு அயிட்டமும் சேர்ந்து 330 தைவான் டாலர், ஏறக்குறைய 900 ரூபாய். கொடுக்கலாம்.

சென்னை திரும்பிய மறுநாள் சாயங்காலம் செகண்ட் லைன் பீச் போனேன். அதே ஆள், தலை மட்டும் நரைத்திருக்கிறது. நல்லவேளை, அவருக்கு என்னை ஞாபகமில்லை. நின்றுகொண்டே ஒரு பிளேட் சாப்பிட்டேன். புளித்தண்ணீர் ஒரு கரண்டி அதிகம், வாழைத்தண்டு சூப் அபாரம்.

எண்பது போடுகிறேன்.