வினை விகுதி யாருடைய குரல்?

தமிழ் மேடைகளில் இப்போது ஒரு வாக்கியம் நன்றாக விலைபோகிறது: சாம்ஸ்கி சொன்னதெல்லாம் தொல்காப்பியர் எப்போதோ சொன்னதுதான். இருவரையும் படிக்காமல் இருவரையும் ஒரே வீச்சில் முடித்துவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

தொல்காப்பியர் சொன்னது கொஞ்சமல்ல. அவருடைய கிளவியாக்கம் என்ற இயல் திணை, பால் இயைபில்தான் தொடங்குகிறது. தா, வா என்பவற்றைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு என்பவற்றைப் படர்க்கைக்கும் ஒதுக்கும்போது, வினையின் பொருளுக்குள்ளேயே இடம் புகுந்திருப்பதை அவர் கண்டுகொள்கிறார். அபாரமான கவனிப்பு. அதற்காக, ஒருவர் கூற்றை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது ‘தான்’ யாரைக் குறிக்கும் என்ற கணக்கையும் அவர் தலையில் கட்டுவது மரியாதை ஆகாது. உரையாசிரியர்களையும் நன்னூலையும் தாண்டி 1856க்கு வந்தால் கால்டுவெல், வினை விகுதிகளை மூவிடப் பெயர்களின் தேய்ந்த துண்டுகளாகப் பார்க்கிறார். விகுதி எழுவாயின் எதிரொலி என்ற எண்ணம் அதற்குப் பின் அசையவே இல்லை.

1981இல் மொழியியலாளர் சாம்ஸ்கி வகுத்த விதிப்படி, ‘தான்’, ‘தன்னை’ போன்ற தற்சுட்டுப் பெயர் தனக்குரியவரைத் தன் சிறு வாக்கியத்துக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும். தமிழ் அதற்கு அடங்குவதில்லை: ‘கண்ணன் தன்னைத் திட்டினான் என்று மாலா சொன்னாள்.’ திட்டு வாங்கியது மாலா. பக்கத்தில் நிற்கும் கண்ணனைத் தாண்டிப் போய்விடுகிறது ‘தன்னை’. கண்ணனே வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ‘திட்டிக்கொண்டான்’ என்று வினையை மாற்ற வேண்டும். எண்பதுகளின் கோட்பாட்டுக் கட்டுரைகள் பலவற்றில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் அடிக்குறிப்பில் சாட்சி சொல்லிவிட்டுப் போயின. வழக்கே இங்கேதான் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1989இல் தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கணமும், தென்னாசிய மொழிகளின் தற்சுட்டுகள் பற்றி 2000இல் வந்த தொகுப்பில் இ. அண்ணாமலை எழுதிய தமிழ் இயலும் அந்த அலட்சியத்துக்குப் பொறுமையான மறுமொழிகள்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. ‘நான்’ என்ற சொல் எங்கே வந்தாலும் இப்போது பேசுகிறவரையே குறிக்கும், அதன் சுட்டைத் திருப்பிவிடும் அமைப்புகள், அவர் சொல்லில் ‘அரக்கர்கள்’, ஆங்கிலத்தில் இல்லை என்றார் தத்துவவாதி டேவிட் காப்லன். 2003இல் ஃபிலிப் ஷ்லெங்கர் அம்ஹாரிக் மொழியில் அப்படி ஓர் அரக்கனைக் காட்டினார். மறுவருடம் மொழியியலாளர்கள் ஆனந்தும் நெவின்ஸும் ஸாஸாகி மொழியில் காட்டினார்கள். தமிழில் அது ஒளிந்திருக்கும் இடம் இன்னும் விசித்திரமானது. மொழியியலாளர் சந்தியா சுந்தரேசன் தம் 2012 ஆய்வேட்டில் எடுத்துக்கொண்ட வகை வாக்கியம் இது: ‘தான் ஜெயிப்பேன்னு ராமன் சொன்னான்.’

இது நேர்க்கூற்று என்றால் ராமன் ‘நான்’ என்றுதான் சொல்லியிருப்பான். அயற்கூற்று என்றால் ‘-ஏன்’ எங்கிருந்து வந்தது? பெயர் படர்க்கையில் நிற்க, விகுதி தன்மைக்குப் போய்விடுகிறது. அந்தத் தன்மையும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவருடையது அல்ல, ராமனுடையது. இயைபு விகுதி வரும் இடத்தில் தற்சுட்டு நிற்காது என்று லூயிஜி ரிட்ஸி 1990இல் இத்தாலியத்தையும் ஐஸ்லாந்தியத்தையும் வைத்துச் சொன்ன விதிக்கு இது மேலோட்டத்தில் எதிர்ச்சான்று. ஆனால் ‘-ஏன்’ ‘தானி’லிருந்து நகலெடுக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டால் விதி பிழைக்கிறது, எதிரொலிக் கொள்கைதான் சாய்கிறது. விகுதி தானாகவே ஒரு பேசுபவரைச் சுட்டுகிறது.

மேடைப் பெருமிதத்தில் எனக்குள்ள கோபமும் இதனால்தான். தொல்காப்பியரின் வேலை தம் காலத்து வழக்கைக் காதுகொடுத்துக் கேட்டதில் இருக்கிறது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குகிறார்கள். மேற்படி வாக்கியம் எழுத்துத் தமிழில் ‘தான் ஜெயிப்பதாக’ என்று ஆனவுடன் விகுதியும் போய்விடுகிறது, புதிரும் போய்விடுகிறது. ‘சொன்னான்’ இருக்குமிடத்தில் ‘நினைச்சான்’ வந்தால் ‘-ஏன்’ நிற்குமா? ‘தாங்க வருவோம்னு சொன்னாங்க’ என்பதில் எடுத்துச் சொல்பவரும் அந்த ‘-ஓமி’ல் அடங்குவாரா? யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவிலிலும் கோவையிலும் இதற்கு ஒரே பதில்தான் வருமா? இவற்றுக்கு விடை நூற்பாவில் கிடைக்காது. ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போய் இவற்றைக் கேட்கும் ஆய்வு மாணவருக்குத் தமிழ்த்துறைகள் முதலில் இடம் கொடுக்கட்டும்.