அக்கவுண்ட் அக்ரிகேட்டர்: குழாய் பத்திரம், தொட்டி?

வங்கிக் கணக்கை ஒரு செயலியோடு இணைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "ரிசர்வ் வங்கி அனுமதிச்ச அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாத்தான் போகுது, பயப்படாதீங்க." இது பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் சரியான பாதி. அமெரிக்காவில் பல வருஷம், இணைப்பது என்றாலே வங்கிக் கடவுச்சொல்லை மூன்றாம் ஆளிடம் கொடுப்பதுதான். வங்கியின் லாகின் பக்கம் போலவே ஒரு திரையைக் காட்டி விவரங்களை வாங்கியதாக பிளெய்ட் நிறுவனத்தின் மீது வழக்கு வந்தது. 2022-ல் 5.8 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது; தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

நம்ம ஊர் ஏற்பாடு இதைவிட எவ்வளவோ மேல். 2016-ல் ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சொல் யாருக்கும் போவதில்லை. தகவல் குறியாக்கம் செய்யப்பட்டே வங்கியிலிருந்து கிளம்பும். நடுவில் நிற்கும் அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. யாருக்கு, எதற்கு, எந்தக் காலத்துக் கணக்கு, எத்தனை தடவை என்பதெல்லாம் ஒப்புதலிலேயே இருக்கும். வேண்டாமென்றால் ரத்து செய்யலாம். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது நல்ல வடிவமைப்பு.

ஆனால் இதெல்லாம் குழாய்க்கான பாதுகாப்பு. தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி? கடன் கொடுக்கும் நிறுவனம் குறியாக்கத்தைத் திறந்துதான் படிக்கிறது. ரத்து செய்தால் இனி போவது நிற்கும். ஏற்கெனவே போனது தானாகத் திரும்பி வராது. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதற்கு 'டேட்டா லைஃப்' என்று ஒரு புலம் உண்டு. ரீபிட் வெளியிட்ட தொழில்நுட்ப வரையறையில் நாள், மாதம், வருஷத்தோடு 'ஐஎன்எஃப்' என்றும் ஒரு மதிப்பு இருக்கு. அதாவது, முடிவே இல்லை. காலக்கெடு போட்டிருந்தாலும் அழிக்க வேண்டியது அவர்களுடைய சர்வர். அழித்தார்களா என்பதைக் குழாயால் சொல்ல முடியாது.

போவது என்ன என்பதையும் பாருங்கள். டாக்டர் ஃபீஸ், நகைக் கடன் வட்டி, கட்சி நன்கொடை, ஊருக்கு அனுப்பும் பணம். யுபிஐ வந்தபின் டீக்கடை வரை எல்லாமே ஸ்டேட்மென்ட்டில் இருக்கு. நாம் பணம் அனுப்பியவர்களின் பெயரும் கூடவே போகிறது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கடன் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: சம்பளம் ஒழுங்காக வருதா, தவணைக்கு மிச்சம் இருக்கா. பார்ப்பது, சேமிப்பது, கேள்வி கேட்பது என்று ஒப்புதல் முறைகளை வரையறையே தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. கேள்விக்குப் பதில் மட்டும் போனால் போதாதா? முழுப் பட்டியலும் எதற்கு? அவசரத்துக்குப் பணம் வேண்டி நிற்பவரிடம் 'சம்மதமா?' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லவா போகிறார்?

அதற்காக இணைக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாட்டேன் என்றால் பிடிஎஃப் கேட்பார்கள். அதற்குக் காலாவதியே கிடையாது. பொத்தானை அழுத்துமுன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை மாதக் கணக்கு, ஒரு தடவையா அடிக்கடியா, எதுவரை வைத்திருப்பார்கள். ஒரே ஒரு கடன் விண்ணப்பத்துக்கு 'அடிக்கடி' என்று இருந்தால், ஏன் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அழுத்தாதீர்கள்.