இரும்பு வந்துடுச்சு!

சொன்னால் சிரிப்பீர்கள். குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலை லாரிகள் விடிய விடிய இரைந்துகொண்டு போக, மொட்டைமாடி அறை ஒன்றில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒன்பது மாதமாக ஒரு வாளுக்காக அல்லாடிக்கொண்டிருக்கிறோம். வாள்கூட இல்லை, முழ நீள இரும்புத் துண்டு. ஐயோ, அந்தத் துண்டு!

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்ததை அனுபவிப்பார்கள். தாயக்கட்டைக்கும் தெருக்கூத்துக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து சிப்காட் வேலைக்கு வந்த நண்பன் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் கதையில் மாயத்துக்குக் கணக்கே கிடையாது. ‘குட்பெர்ரி’ என்றொரு மந்திரம்: பத்துப் பழம் கிடைக்கும், ஒன்றைத் தின்றால் அன்றைய பசி தீர்ந்தது. ‘லைட்’ சொன்னால் கோல் நுனியில் வெளிச்சம், எத்தனை தடவை வேண்டுமானாலும். செத்து ஒரு நிமிடம் ஆகாதவனை எழுப்ப, 300 பொன் பெறும் வைரம் போதும். பசி இல்லை, இருட்டு இல்லை, சாவும் இல்லை. அப்புறம் காட்டுக்குள் போய் என்ன செய்வது? நாலாவது ஞாயிறு ஒருவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

ஆரம்பகால விதிகளில் இந்தத் தாராளம் இல்லை. புது மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். உச்சரித்ததும் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து எடுத்த யோசனை. என்ன அழகான கஞ்சத்தனம்!

இரண்டாவது கதையை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அங்கேதான் கதையைத் தொடங்கினேன். (2025இல் சிவகளை அதையும் முந்திவிட்டது. முந்தட்டும், எங்க ஊர் இரும்பு எங்களுக்கு.) எல்லோர் கையிலும் கல் கோடரி. கூட்டத்தில் ஒரே ஒரு கிழவிக்குச் சிவந்த கல்லை உலையில் போட்டு வேறொன்றாக மாற்றத் தெரியும். அவள்தான் சூனியக்காரி, அவள்தான் மந்திரவாதி. விதிப்புத்தகத்து மந்திரங்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஹீட் ட்ரீட்மென்ட்டில் வேலைபார்க்கும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இரும்பு உருக 1,538 டிகிரி வேணும் தம்பி. மண் உலையில அது வராது. கசடுதான் உருகி ஓடும். பஞ்சு மாதிரி ஒரு கட்டி மிஞ்சும், அதைச் சுடச்சுட அடிச்சு எடுக்கணும்.” அவ்வளவுதான், அந்த ஞாயிறு முழுக்க ஒரே உலை! கரிக்கு மரம் வெட்டினோம். துருத்தி கிழிந்தது. தைத்தோம். ஆறு தடவை பகடை கைவிட்டது. ஏழாவது உருட்டலில் விழுந்தது இருபது. நாங்கள் போட்ட கூச்சலில் வீட்டுக்கார அக்கா மேலே ஓடிவந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“அக்கா, இரும்பு வந்துடுச்சு!”

“வந்தா இறக்கி வெச்சிட்டுத் தூங்குங்க. லோடு அனுப்ப இதா நேரம்?”

எந்த மாயக்கோலுக்கும் கிடைக்காத மரியாதை அந்தத் துண்டுக்கு. மழையில் நனைந்தால் துருவேறி ஒரு புள்ளி குறையும் என்று விதி வைத்தேன். இப்போது மேகம் கறுத்தால் சண்டையை நிறுத்திவிட்டு எண்ணெய் தேடுகிறார்கள். பத்து டிராகனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்தப் பதைப்பு வருமா?

நிஜ மாயம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். மல்லச்சந்திரம் மலைமேல் கற்திட்டைகள் இருக்கின்றன, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள். பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. நேரில் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன்: அந்தத் துளையில் வாய் வைத்துக் கேட்டால் உள்ளிருந்து பதில் வரும். கதை முழுவதற்கும் மூன்றே கேள்வி.

முதல் கேள்வியை, கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிய யானைக்கூட்டம் எப்போது போகும் என்று கேட்டு வீணாக்கினார்கள். “தீர்ந்ததும்” என்றது குரல். (நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே கேழ்வரகு இருந்ததா என்றான் ஒருவன். பகடையை உருட்டுடா என்றேன்.) இரண்டாவது, உலைக்காரக் கிழவி எங்கே போனாள் என்பது. பதில் வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாவதை ஐந்து மாதமாகத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவன் அடிபட்டுக் கிடந்தான், பச்சிலைக்கும் வழி தெரியவில்லை. “கேட்டுடலாமா?” என்றார்கள். படுத்துக் கிடந்தவனே வேண்டாம் என்றுவிட்டான். வரும் ஞாயிறு பார்க்க வேண்டும், எனக்கு நைட் ஷிப்ட் போடாமல் இருந்தால்.