ஏன் காரில் ஏறினாள்?

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை உயர்தர வகுப்பில் வாசித்து முடித்ததும் மாணவர்களிடமிருந்து முதலில் எழக்கூடிய வினா எது என்பதை இப்பொழுதெல்லாம் என்னால் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. "அவள் ஏன் சேர் காருக்குள்ள ஏறினவள்?" கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர்; அப்பெண்ணுக்காக இரக்கப்படுபவர்களே. ஆயினும், காரை நிறுத்தியவன் ஏன் நிறுத்தினான் என்று கேட்கும் மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடந்த ஆண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையும் சேர்த்துப் படித்திருந்த ஒரு மாணவி இவ்வினாவை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனாள். "ஒருக்கா நடந்தால் விபத்து எண்டு சொல்லலாம் சேர். பிறகும் பிறகும் அவளுக்குத்தானே நடக்குது. அப்ப அவளிலயும் ஏதோ பிழை இருக்கத்தானே வேணும்?"

அன்று அவளுக்கு நான் அளித்த விடை எனக்கே திருப்தி தரவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் திருத்தி எழுதும் முயற்சி.

அம்மாணவியின் வினா அறியாமையில் பிறந்தது என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. கற்றறிந்தோர் பலர் அதே வினாவைப் பெரிய நூல்களில் கேட்டிருக்கின்றனர். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் அதே பயங்கரத்தைக் கனவில் மீளமீளக் காண்பதைக் கவனித்த பிராய்ட், 1920இல் வெளியிட்ட நூலொன்றில், துன்பத்தை மீண்டும் மீண்டும் நிகழ்த்திக்கொள்ளும் உந்துதல் ஒன்று மனித மனத்துள் இருப்பதாகக் கூறினார். விதி துரத்துவது போல ஒரே துயரம் சிலரைத் தொடர்வதற்கு அவர் தரும் உதாரணங்களுள் ஒன்று, மூன்று முறை மணந்து மூன்று கணவரையும் நோயிற் பராமரித்து இழந்த பெண்ணொருத்தியின் கதை. கணவர்கள் நோயுற்றமைக்கு அவள் மனம் எவ்வாறு காரணமாகும் என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும். 1971இல் மெனாக்கெம் அமீர் என்னும் குற்றவியலாளர் பிலடெல்பியா நகரப் பொலிஸ் பதிவேடுகளை ஆராய்ந்து, வல்லுறவு வழக்குகளுள் ஒரு பகுதியை 'பாதிக்கப்பட்டவளால் தூண்டப்பட்டவை' என்று தனியே வகுத்தார். என் மாணவியின் வாக்கியத்துக்கும் அந்த வகுப்புக்கும் உள்ள வேறுபாடு அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையில் மட்டுமே இருக்கிறது.

மீளவும் நிகழ்கிறது என்பது உண்மைதான். அதை மறுப்பதால் பயன் இல்லை. டயானா ரசல் 1978இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் 930 பெண்களிடம் விரிவாக விசாரித்து, பின்னர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் உறவினரின் பாலியற் கொடுமைக்கு உள்ளானவர்கள் வளர்ந்த பின் வல்லுறவுக்கோ அதன் முயற்சிக்கோ ஆளாவது மற்றைய பெண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று காட்டியது. எண் ஒன்றுதான், அதை இருவிதமாக வாசிக்கலாம். அவளிடம் ஏதோ இருக்கிறது என்று வாசிப்பது ஒருவிதம். முதற் குற்றத்தின் பின் அவளைச் சுற்றியுள்ள உலகம் எவ்வாறு மாறி அமைகிறது என்று பார்ப்பது மற்றொருவிதம். இரண்டாவது வாசிப்பை ஆய்வாளருக்கு முன்பே நமது இலக்கியம் செய்துவிட்டது என்பதே என் கருத்து.

'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பலரும் அறிவர். மழை பெய்யும் மாலை, பஸ் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, அருகே வந்து நிற்கும் பெரிய கார். வீடு திரும்பும் மகளின் வாயால் நடந்ததை அறிந்த தாய் முதலில் பதறினாலும், பிறகு அவளை இருத்தி, தலையில் நீரை ஊற்றி, அழுக்குப் போயிற்று என்று தேற்றுகிறாள். இந்தத் தாயின் செயல் புரட்சி என்று போற்றப்பட்டது. கற்பைக் கேலி செய்வது என்று தூற்றவும் பட்டது. இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். நீர் ஊற்றுவதற்கு முன்னர் அழுக்கு ஒன்று இருந்ததாகத் தாயும் ஏற்றுக்கொள்கிறாள். அதற்கும் மேலாக, அவள் அளிக்கும் விடுதலை முழுவதும் ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: வேறு எவருக்கும் இது தெரியலாகாது. அந்தத் தாயிடம் மனிதநேயம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளது மனிதநேயம் நாலு சுவருக்குள் தாழ்ப்பாள் இட்டுக்கொண்டே இயங்குகிறது. காரில் வந்தவன் தன் வழியே போய்விட்டான். அவனைப் பற்றிக் கதைக்கு அக்கறை இல்லை.

இந்தக் குறையை ஜெயகாந்தனே உணர்ந்திருக்கவேண்டும். அல்லாவிடின், தாழ்ப்பாள் விழாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை அவர் எழுதியிருக்கமாட்டார். இங்கே தாய் அலறிவிடுகிறாள். ஊர் அறிகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். பின்னர் அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வந்து கங்காவின் கையை அடைகிறது. தனக்கு வாய்த்திருக்கக்கூடிய வேறொரு தாயை அவள் அச்சிலே சந்திக்கிறாள். தன் கதையின் முடிவு எவ்வளவு தற்செயலானது என்பதை ஓர் எழுத்தாளன் தானே வெளிப்படுத்தும் இத்தகைய துணிவு தமிழில் அரிது.

நாவலின் உயிர்நிலை, என் மதிப்பில், பிரபாகரன் அல்லன், வெங்கு மாமாவே. அண்ணன் துரத்திய பெண்ணை அழைத்துச் சென்று ஆதரித்துப் படிக்கவைத்தவர் அவர். வழக்கறிஞர், சாஸ்திரம் அறிந்தவர், ஊரில் மதிப்புள்ளவர். கங்காவின் கல்வியும் உத்தியோகமும் அவர் போட்ட பிச்சை என்பது குடும்பத்தின் எண்ணம். அவரே அவளைக் கைவைக்கத் தேடுகிறார். காரில் வந்தவன் முன்பின் அறியாதவன், இவர் காப்பாளர். முதலாவது குற்றம் ஒரு மாலை நேரத்தோடு முடிந்தது. இரண்டாவது குற்றம் ஆண்டுக்கணக்கில், அன்பின் பெயரால், சோறும் கல்வியும் தந்த கையால் நடைபெறுகிறது. அவள் வாய்திறந்தால் யார் நம்புவார்? முன்னரே ஒருமுறை உண்மையைச் சொல்லித்தானே வீட்டை இழந்தாள்!

மீளமீள ஏன் நடக்கிறது என்ற வினாவுக்கு விடை இங்கே கிடக்கிறது. வெங்கு மாமா கங்காவைத் தேர்ந்தெடுப்பது அவளது நடத்தையைக் கண்டல்ல. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை என்பதையும், அவளது சொல்லுக்கு ஊரில் விலை இல்லை என்பதையும் அவர் அறிவார். இவ்விரண்டையும் உண்டாக்கியவர்கள் அவளது அண்ணனும் அயலாருமே. குற்றம் புரிபவன் இடம் பார்த்துத்தான் புரிகிறான். அந்த இடத்தை அவனுக்கு முன்னதாகவே நல்லவர்கள் பலர் சேர்ந்து செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நம் பொருளியல் அறிவு இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கவேண்டும். கூரைக்கும் உணவுக்கும் ஒருவனைச் சார்ந்திருப்பவளது 'சம்மதம்' எத்தகையது என்பதைத் தோட்டத்து லயங்களையும் செல்வர் வீட்டு வேலைக்காரச் சிறுமியரையும் அறிந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நாவலின் பிற்பகுதியோடு எனக்கு வழக்கு உண்டு. நீ ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வைப்பாகவே இருக்கலாம். முடிந்தால் உன்னைக் கெடுத்தவனையே தேடிப்பிடி என்னும் பொருள்பட வெங்கு மாமா சவால் விடுகிறார். கங்கா தேடிப்பிடிக்கிறாள். அவனோ பணக்கார வீட்டின் பலவீனமான, இரங்கத்தக்க மனிதனாக வந்து நிற்கிறான். அவனது தனிமை, அவனது தாழ்வு மனப்பான்மை, அவனது மகள் ஆகியவற்றை ஆசிரியர் நுணுகி நுணுகி வரைகிறார். கங்கா அவனிடம் மனத்தையும் ஒப்படைக்கிறாள். பிராய்டைப் படித்தவர் இதை மீள்நிகழ்த்தும் உந்துதல் என்று சொல்லிவிடலாம். நான் அவ்வாறு வாசிக்கவில்லை. கெடுத்தவனே மணக்கவேண்டும் என்னும் பழைய தீர்ப்பைத்தான் அவள் நிறைவேற்றுகிறாள். அது அவளது மனத்தின் நோயன்று. வெங்கு மாமாவின் நீதிமன்றம் விதித்த தண்டனை. நாவலாசிரியர் அத்தண்டனையின் மேல் காதலின் சாயலைப் படியவிட்டது, அவரது கருணை எல்லை மீறிப் பாய்ந்ததன் விளைவு எனலாம்.

இத்தீர்ப்பு தஞ்சாவூருக்கு மட்டும் உரியதன்று. 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்த அதே 1966இல் சிசிலித் தீவில் ஒரு வழக்கு நடந்தது. அல்காமோ என்னும் ஊரைச் சேர்ந்த பிராங்கா வயோலா என்ற பதினேழு வயதுப் பெண் 1965 டிசெம்பரில் கடத்தப்பட்டு வல்லுறவுக்கு உள்ளானாள். கெடுத்தவன் மணந்துகொண்டால் குற்றம் அழிந்துபோகும் என்று இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு அப்போது கூறியது. ஊர் முழுதும் அதையே எதிர்பார்த்தது. அவள் மறுத்தாள், குடியானவரான தந்தை அவள் பக்கம் நின்றார். அதற்காக அவர்களது திராட்சைத் தோட்டமும் களஞ்சியமும் எரிக்கப்பட்டன. கடத்தியவன் சிறைக்குச் சென்றான். அவள் 1968இல் தன் ஊரைச் சேர்ந்த ஒருவரை விரும்பி மணந்தாள். சட்டப்பிரிவு நீக்கப்பட 1981 வரை செல்லவேண்டியிருந்தது. இதையொத்த விதிகள் மொரோக்கோவில் 2014இலும், ஜோர்தான், லெபனான், துனீசியா ஆகிய நாடுகளில் 2017இலுமே ஒழிந்தன. கங்காவுக்கு இல்லாமற்போனது பிராங்காவின் மனவுறுதி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கோ, அவளுக்கு இல்லாமற்போனது அந்தத் தந்தையே என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் புதுமைப்பித்தனிடம் திரும்பவேண்டியுள்ளது. 1943இல் எழுதிய 'சாபவிமோசன'த்தில் அவர் ஜெயகாந்தனைவிட ஆழமாகச் சென்றுவிட்டார். இராமனின் பாததூளி பட்டு அகலிகை பெண்ணாகிறாள்; புராணம் அத்துடன் கதையை முடித்துக்கொள்கிறது. புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். மீண்டு வந்தவள் எப்படி வாழ்கிறாள்? அயலாரின் ஒரு பேச்சு, ஒரு விலகல், சாபத்தைவிட அதிகமாகச் சுடுகிறது. எதிர்ப்படும் ஆண்முகம் ஒவ்வொன்றிலும் அவளுக்கு இந்திரனே தெரிகிறான். கோதமனின் அன்பிலும் அவள் நடுங்குகிறாள். அதிர்ச்சியின் பின்னர் மனம் படும் இப்பாட்டை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனியொரு நோயாகப் பெயரிட்டது 1980இல். பெண்களின் அனுபவத்தையும் போர்வீரரின் அனுபவத்தையும் ஒன்றாக வைத்து ஜூடித் ஹெர்மன் நூல் எழுதியது 1992இல். திருநெல்வேலிக்காரர் ஒருவர், புராணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முன்னரே அங்கு போய்விட்டார்.

இறுதியில் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இம்முறை அவளை எவரும் தீண்டவில்லை. காட்டிலிருந்து திரும்பிய சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள், அவ்வளவே. தன்னை விடுவித்த அதே இராமன், தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான். ஒருத்திக்குப் பழுதில்லை என்று சொன்ன நீதி, மற்றவளிடம் நெருப்பை நீட்டியிருக்கிறது. உலகத்துக்கு நிரூபித்தாக வேண்டாமா என்னும் எண்ணத்தைச் சீதையே சிரித்துக்கொண்டு சொல்வதாக எழுதியிருப்பதுதான் இக்கதையின் மிகக் கொடிய இடம். பாதிக்கப்பட்டவளே நீதிபதியின் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இது கற்பனையின் மிகை என்று கருதுவோர் ஒரு தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம். 'சில நேரங்களில் சில மனிதர்க'ளுக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்த 1972ஆம் ஆண்டிலேயே, மகாராட்டிரத்தில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் ஆதிவாசி இளம்பெண் ஒருத்தி காவலரால் கெடுக்கப்பட்டாள். அவள் முன்னரே உடலுறவுக்குப் பழகியவள் என்று கூறிக் கீழ்நீதிமன்றம் காவலரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் இந்திய உச்சநீதிமன்றம், அவள் உடம்பில் காயம் இல்லை, எதிர்த்த அடையாளம் இல்லை என்பதை எடுத்துக்காட்டி அவர்களை மீண்டும் விடுவித்தது. அவளைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை. ஏன் சுட்ட வடு இல்லை என்று மட்டும் கேட்டது. 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் எழுதிய பகிரங்கக் கடிதமும், அதைத் தொடர்ந்த பெண்களின் போராட்டமும் 1983இல் சட்டத்திருத்தத்தைக் கொணர்ந்தன.

நம் நாட்டை இவ்வரிசைக்குப் புறத்தே நிறுத்த முடியாது. 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர் அத்துணைவரின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அதன் ஆயுள் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாது. பதின்மூன்றாம் மாதத்தில் வீடு யாருடையது, காணி யார் பேரில் இருக்கிறது, பிள்ளையின் பாடசாலைச் செலவை யார் கொடுக்கிறார் என்ற பழைய கேள்விகள் மறுபடியும் வாசலில் வந்து நிற்கின்றன. அவள் ஏன் திரும்பிப் போனாள் என்று அயலவர் கேட்பார்கள். என் வகுப்பறையின் கேள்விதான் அது. கார் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்த தவணையில் இவ்விரு கதைகளையும் வரிசை மாற்றி, 'சாபவிமோசன'த்தை முன்னும் 'அக்கினிப் பிரவேச'த்தைப் பின்னுமாகப் படிப்பிக்க எண்ணியிருக்கிறேன். காரில் ஏறிய பெண்ணைப் பற்றி மாணவர் வாய்திறக்கும் முன், ஆற்றங்கரையில் அகலிகையைக் கண்டு விலகிப் போனவர்களைப் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.