குரூசர் வளைவில் திணறுவது எடையாலா?

திருச்செந்தூரைத் தாண்டி குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று நீளும் கடற்கரைச் சாலை குரூசர் பைக்குகளுக்குத் தோதானது. நேர் ஓட்டத்தில் அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுபவரின் கை தெரிவது வளைவில்தான்.

‘வண்டி கனம், அதான் சாயல’ என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் முடிவு செய்கின்றன; எடைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 50 கி.மீ. வேகத்தில் எடுத்தால் சுமார் 21 டிகிரி சாய்வு போதும். 60 கி.மீ. என்றால் ஏறத்தாழ 30. 70-க்குப் போனால் 37-ஐத் தாண்டும். பெரும்பாலான குரூசர்கள் 30 டிகிரியை ஒட்டியே ஃபுட்ரெஸ்ட்டை உரசத் தொடங்கிவிடும். 60 கி.மீ.க்கும் 70-க்கும் நடுவில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650-ஐ எடுத்துக்கொள்வோம். எடை 241 கிலோ, இருக்கை உயரம் 740 மி.மீ., தரையிலிருந்து இடைவெளி 135 மி.மீ. காலை முன்னே வைத்து உட்காரும் வண்டி. டயரில் பிடி மிச்சமிருக்கும்போதே இரும்பு தரையைத் தொட்டுவிடுகிறது. இதே 648 சிசி இன்ஜின்தான் கான்டினென்டல் ஜி.டி.யிலும். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் 2021-ல் தொடங்கிய கோப்பைப் பந்தயத்தில் அந்த வண்டிகள் படுத்து எழுவதற்கு, உயரத்தில் பின்தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட் பெரிய காரணம்.

அமெரிக்காவின் ‘கிங் ஆஃப் தி பேக்கர்ஸ்’ பந்தயம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 2020-ல் லகுனா சேக்காவில் நடந்த முதல் போட்டியை இந்தியன் சேலஞ்சரில் டைலர் ஓ’ஹாரா வென்றார். பெட்டி மாட்டிய அந்தப் பெரிய வண்டிகளை அணிகள் தரையிலிருந்து உயர்த்தின, ஃபுட்ரெஸ்ட்டை மேலே ஏற்றின. எடையைக் குறைத்த பிறகும் அவை நம்மூர் மீட்டியாரைவிடக் கனமானவை. ஆனாலும் முழங்கால் தரையில் தேயச் சாய்கின்றன.

சாலையில் ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய நொடி ஒன்று உண்டு. வலது வளைவின் நடுவில் ‘கர்ர்’ என்று ஃபுட்ரெஸ்ட் உரசுகிறது. பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் வண்டியின் முன்பக்கம் அமுங்கும், இடைவெளி இன்னும் குறையும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் உரசுவது எச்சரிக்கை மட்டுமே. அதற்கடுத்து மடங்காத இரும்பு தட்டினால் டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும். ஆக்சிலேட்டரை அப்படியே பிடித்து, தோளையும் தலையையும் வளைவின் உள்பக்கம் கொண்டுபோங்கள். உடல் உள்ளே போன அளவுக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். பிரேக் வேலையையும் கியர் குறைப்பையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குரூசரில் இதற்கு மாற்று கிடையாது.

செங்கோட்டை, ஆரியங்காவு மலைச்சாலையில் எதிரே வரும் லாரி கவலை என்றால், இந்தக் கடற்கரைச் சாலையில் மணல். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் மணல் காற்றில் வந்து படிந்த தாரில் மேலே சொன்ன டிகிரிக் கணக்கு எதுவும் செல்லாது. இரும்பு உரசும் முன்பே டயர் வழுக்கும்.

பின்னால் ஆள் ஏற்றினால் வண்டி இன்னும் தாழும். கிளம்பும் முன் பின் ஷாக் அப்சார்பரை இறுக்கிக்கொள்ளுங்கள். தசரா நாட்களில் குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்தின் முத்தாரம்மன் கோயிலுக்கு வேடமிட்டு வரும் பக்தர்கள் சாலையோரம் நடப்பார்கள். அந்த நாட்களில் குலசை வளைவுகளில் சாய்வைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.