சட்டகத்துக்கு வெளியே ஒரு முகாம்

நிலக்காட்சிப் புகைப்படம் எதைக் காட்டினாலும் இன்று வரும் முதல் கேள்வி, ‘இது எடிட் செய்ததா?’ என்பதுதான். கேட்பவர் உதட்டில் ஒரு சந்தேகச் சிரிப்பும் இருக்கும். இந்தக் கலையின் உண்மையான கோளாறு அந்தக் கேள்வியில் சிக்காது என்பது என் கட்சி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸின் மூன்று படங்களை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1941 நவம்பர் 1, மாலை. நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்த ஆடம்ஸ், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கண்டதும் வண்டியை நிறுத்துகிறார். மலைக்கு மேலே நிலா. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில். எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை முக்காலியில் ஏற்றியாகிவிட்டது, லைட் மீட்டரைக் காணோம். நல்லவேளையாக, நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்ற எண் அவருக்கு மனப்பாடம். அதை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவதற்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் இறங்கிவிட்டது. இத்தனை துல்லியமான மனிதருக்குப் படமெடுத்த தேதி மட்டும் நினைவில் நிற்கவில்லை. நிலா இருந்த இடத்தைக் கொண்டு வானியல் அறிந்தவர்கள் பல ஆண்டு கழித்துக் கணக்கிட்டுச் சொன்ன தேதி அது.

அந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரின்ட் போட்டார். பழைய பிரின்ட்களில் வானம் சாம்பல் நிறம், மேகத் தீற்றல்கள் தெரியும். பிந்தியவற்றில் கன்னங்கரேலென்ற வானம். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுவேற்றவும் செய்தார். பியானோ பயின்றவரான அவருக்கு நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரின்ட் என்பது கச்சேரி. ஒரு கீர்த்தனையை முப்பது வயதில் பாடியபடியே எழுபதிலும் பாடு என்று நாம் எந்தப் பாடகரையும் கேட்பதில்லையே. வானத்தைக் கறுப்பாக்கியது பொய் என்றால் எனக்கு அந்தப் பொய் சம்மதம்.

அடுத்த படத்தில் அவ்வளவு நிம்மதியில்லை. 1944இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து எடுத்த குளிர்கால விடியல். பின்னால் வெயில் பட்ட பனிமலை, நடுவில் இருண்ட குன்று, அடியில் மேயும் ஒரு குதிரை. அந்தக் குன்றில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கற்களை அடுக்கி ‘எல்’, ‘பி’ என்று ஊரின் முதலெழுத்துகளை அமைத்திருந்தார்கள். ஆடம்ஸ் படத்திலிருந்து அவற்றை அழித்துவிட்டார்; அழித்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். ஆனாலும் ஒளியைக் கூட்டிக் குறைப்பது வேறு, மனிதர் வைத்துப்போன அடையாளத்தை எடுத்துவிடுவது வேறு. குற்றம்தான், சின்னக் குற்றம்.

பெரியது வேறோரிடத்தில் இருக்கிறது; அதற்கு அழிரப்பரே தேவைப்படவில்லை. லோன் பைனுக்கு வடக்கே, ஏறத்தாழப் பத்து மைலில் மன்ஸனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் பத்தாயிரம் பேரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம். அங்கிருந்து 1944இல் ஆடம்ஸ் வில்லியம்சன் மலையை எடுத்தார். முன்னால் உருண்டு கிடக்கும் பாறைகள், பின்னால் சிகரம், மேகத்துக்கிடையே இறங்கும் ஒளி. பார்த்தால் மூச்சு நிற்கும். முள்வேலியும் இல்லை, கொட்டகையும் இல்லை. கேமராவை எங்கே வைத்து எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவே எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

ஆடம்ஸ் கல்நெஞ்சர் அல்லர். அதே முகாமின் மக்களை முகம் முகமாக எடுத்து, அவர்களும் சமமான குடிமக்களே என்று வாதாடும் நூலை, போர் முடியும் முன்பே, 1944இல் வெளியிட்டார். அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் மலைப்படம் தனியே சுவரேறியபோது மக்கள் கூட வரவில்லை. 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மனிதகுலத்தைப் பற்றி நடத்திய புகழ்பெற்ற கண்காட்சியில் ஆளே இல்லாத இந்தப் படமும் தொங்கியது. அவர் ஆயுள் முழுக்க எடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கதையும் இதுதான். அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை ஆயுதப் படை விரட்டியது 1851இல். காலியான பிறகு வந்த கேமராக்களுக்கு அது ஆதிகாலம் தொட்டே காலியாக இருந்தது போலத் தெரிந்தது.

இந்த ஆளற்ற அழகு காட்டைக் காப்பாற்றியும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். சியரா நெவாடா மலைகளைப் பற்றிய அவருடைய 1938ஆம் ஆண்டு நூல், 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றது. மனிதத் தடயங்களோடு எடுத்திருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகமே. 1975இல் ராச்செஸ்டரில் நடந்த ஒரு கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் முதலான புகைப்படக்காரர்கள் இதற்கு நேரெதிராகப் புறநகர் வீடுகளையும் தொழிற்கூடச் சுவர்களையும் எடுத்துக் காட்டினார்கள். நேர்மையான படங்கள், சில எனக்குக் கொட்டாவி வரவழைத்தன.

மன்ஸனார் முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. வில்லியம்சன் மலைப் படத்தில் அதன் தடயமாக இருப்பது, தலைப்பில் வரும் ஊர்ப்பெயர் மட்டுமே.